ஸ்கின் கலரில் நான்கு மீட்டர்

எனக்குத் தையல் தெரியும் என்று ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பத்து வருஷம் அனுபவித்தேன். மதுரை விளாங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஆண்டு விழா நெருங்கினால் போதும், ஆறாம் வகுப்பின் பின்னங்களைப் பாதியில் போட்டுவிட்டு ஊசி நூலை எடுக்க வேண்டியதுதான். மேடை டிரெஸ்ஸுக்கு நான் பொறுப்பு. அதிலும் முக்கியமாக, பாலே டிரெஸ்ஸுக்கு.

மதுரையில் பாலேவா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எங்கள் தாளாளர் அம்மாள் வெளிநாடு போன இடத்தில் ஏதோ ஓர் அரங்கத்தில் உட்கார்ந்து அந்த வெள்ளைக்கார நடனத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "நம்ம ஆனுவல் டேல ஒரு பாலே இருக்கணும்" என்றார். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, பாலே என்று அது நிகழ்ச்சி நிரலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எங்கள் டான்ஸ் மாஸ்டர் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் சொல்லித்தருகிறவர். செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தொப்பையோடு நுனிக்காலில் நிற்க அவரே முதலில் பழகினார். அவரைக் கேலி பேச எனக்கு மனசு வராது. அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளைப் பிள்ளைகளாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் வருஷத்து டிரெஸ்ஸின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வெள்ளைப் பாப்ளின் துணி, முழுக்கை, முழங்காலுக்கு நாலு விரல் கீழே இறங்கும் பாவாடை. அது விரிந்து நிற்பதற்காக உள்ளே விறைப்பான வலைத்துணியில் இரண்டு அடுக்கு. காலுக்கு வெள்ளை லெக்கிங்ஸ். மேடையில் பார்த்தபோது, சர்ச்சில் புது நன்மை வாங்கப் போகிற பிள்ளைகள் வழி தவறி வந்துவிட்ட மாதிரி இருந்தது. இருக்கட்டுமே. அது துணி. துவைத்தால் வெளுக்கும். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள், மண்ணில் உட்கார்ந்தார்கள், தயிர்சாதம் சாப்பிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தார்கள்.

அடுத்த வருஷமே, "ரொம்ப டல்லா இருக்கு டீச்சர்" என்று தாளாளர் அம்மாள் மூக்கைச் சுளித்தார். சாட்டின் வந்தது. சாட்டினுக்கு மேல் சமிக்கி வந்தது. சமிக்கி வைத்த துணியின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. வெளியே மினுமினுக்கும், உள்ளே நைலான் நூலின் முடிச்சுகள், ஒவ்வொன்றும் ஒரு முள். லைனிங் வைத்துத் தைக்கிறேன் என்றேன். லைனிங் வைத்தால் உடம்போடு ஒட்டாது என்றார்கள். பத்து வயதுப் பிள்ளையின் டிரெஸ் எதற்காக உடம்போடு ஒட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பின்னால் நான் யோக்கியம் பேசுவது போலத் தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை முடிந்து கழற்றும்போது பிள்ளைகளின் அக்குளிலும் இடுப்பிலும் வரி வரியாகச் சிவந்து கிடக்கும். தேங்காய் எண்ணெய் தடவி அனுப்புவேன். மறுநாள் அம்மாக்கள் வந்து சண்டை பிடிப்பார்கள் என்று பயந்துகொண்டே வருவேன். வந்தார்கள். "பக்கத்து ஸ்கூல்ல இதவிட ஜாஸ்தி மினுக்குச்சே, நீங்க ஏன் டீச்சர் கம்மியா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நடுவில் இரண்டு வருஷம் வாடகை டிரெஸ். சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள், மாடியில், ஒரு கடை. கிருஷ்ணர், மயில், போலீஸ்காரர், காய்கறி, பாலே எல்லாம் ஒரே கம்பியில் தொங்கும். கடைக்காரர் எங்களுக்கான மூட்டையை அவிழ்த்ததும் ஒரு வாடை அடித்தது பாருங்கள். ஊர்ப்பட்ட பிள்ளைகளின் வேர்வை, பவுடர், காய்ந்த மல்லிகை, இதற்கெல்லாம் மேலே மலிவான சென்ட். ஒன்றின் கை மடிப்பில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ லிப்ஸ்டிக்கைத் துடைத்திருந்தது. இன்னொன்றின் கழுத்தில் காய்ந்த வாந்தி. என் விரல் அதில் பட்டுவிட்டது. சுவரில் தேய்த்துத் துடைத்தேன்.

"அண்ணே, இதத் துவைக்கவே மாட்டீங்களா?"

"துவைச்சா ஜிகினா கொட்டிப்போகும் டீச்சர். வெயில்ல காயப்போட்டு சென்ட் அடிச்சுத்தான் வச்சிருக்கேன். அஞ்சு நிமிசம் ஆடப் போகுதுக, அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான். அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் பிள்ளைகள் மத்தியானம் மூன்று மணியிலிருந்து அதற்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதுகில் பதினான்கு கொக்கி. ஒரு தடவை மாட்டினால் ஆடி முடிக்கிற வரை கழற்றக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, ஒன்றுக்குப் போகக் கூடாது. ஒரு பிள்ளையால் அடக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே போய்விட்டு, யாருக்கும் சொல்லாமல், அதே டிரெஸ்ஸில் மேடையேறிச் சிரித்துக்கொண்டே ஆடிவிட்டு வந்தது. அந்த டிரெஸ்ஸும் துவைக்காமல்தான் சிம்மக்கல்லுக்குத் திரும்பிப் போயிற்று. மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அடுத்து அதைப் போட்ட பிள்ளை எந்த ஊரோ.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இனி வாடகை டிரெஸ்ஸைத் தொட மாட்டேன் என்று தாளாளர் அம்மாளிடம் சொன்னேன். "அப்ப நீங்களே தைங்க. ஆனா லேட்டஸ்ட் மாடலா இருக்கணும்" என்றார். செல்போனில் படம் காட்டினார். கை இல்லை, முதுகு இல்லை. பாவாடை மேலே ஏறி ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு தாம்பாளம் மாதிரி நின்றது.

ஆனால் நம் ஊரில் பெண்பிள்ளையின் தோளையும் தொடையையும் அப்படியே மேடையில் காட்டிவிட முடியுமா? முன்வரிசையில் பட்டு வேட்டியும் விபூதியுமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அதற்கு ஊரே சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. ஸ்கின் துணி. இழுத்தால் நீளும் மெல்லிய துணி, உடம்பு நிறத்தில். கைக்கு, முதுகுக்கு, காலுக்கு எல்லாம் அதை வைத்துத் தைத்துவிட வேண்டும். பிள்ளை முழுக்க மூடியிருக்கும். பார்க்கிறவர்களுக்குத் திறந்திருக்கிற மாதிரித் தெரியும். மானத்துக்கு மானமும் ஆச்சு, மாடலுக்கு மாடலும் ஆச்சு. தோலைக் காட்டுவதுகூட எனக்கு அசிங்கமாகப் படவில்லை. காட்டாமலே காட்டுகிற இந்தக் கள்ளத்தனம் இருக்கிறதே, அதுதான் எனக்குக் குமட்டியது. வருஷா வருஷம் மேல்துணி ஓர் அங்குலம் குறைந்தது, ஸ்கின் துணி ஓர் அங்குலம் கூடியது. அத்தனையையும் தைத்தது என் மெஷின்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் போய், "ஸ்கின் கலர்ல நாலு மீட்டர்" என்று கேட்பேன். ரோஸும் சந்தனமும் கலந்த ஒரு நிறத்தை எடுத்துப் போடுவார்கள். யாருடைய ஸ்கின் என்று நான் கேட்டதில்லை. துணி அளந்து கிழித்தவரின் கை அந்த நிறமில்லை. அதை வாங்கிப் பையில் வைத்த என் கை அந்த நிறமில்லை. பக்கத்தில் நின்று பிளவுஸ் பிட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மாவின் கையும் இல்லை. எங்கள் கைகளின் நிறத்திலும் அதே துணி மேல்தட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. அதைக் காப்பிப்பொடி கலர் என்று சொல்வார்கள்.

இப்போது நான் அந்தப் பள்ளியில் இல்லை. பாலே இன்னும் நடக்கிறது என்று கேள்வி. டிரெஸ் எல்லாம் ஆன்லைனில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறதாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்குமாம். சிரிக்கட்டும். நான் சொல்ல வந்தது என்னுடைய கடைசி வருஷத்தைப் பற்றி.

அந்த வருஷம் பாலேயில் எட்டுப் பிள்ளைகள். நடுவில் நின்றவள் ஐந்தாம் வகுப்பு, எழுமலைப் பக்கத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்காக இவளை விளாங்குடியில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். நல்ல கறுப்பு. அதை எழுதக்கூட நம்மவர்களுக்குக் கை கூசும், மாநிறம் என்று போடுவார்கள். அவள் மாநிறம் இல்லை, கறுப்பு. மற்ற ஏழு பேரும் ஸ்டெப் போட்டார்கள். இவள் ஆடினாள். அவள் காலைத் தூக்கும்போது மாஸ்டர் எண்ணுவதை மறந்துவிட்டு நின்றுவிடுவார்.

நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"மிஸ், என்னைய எடம் மாத்த மாட்டாங்கள்ல?"

"ஏன், எதுக்கு மாத்தணும்?"

"எங்கம்மா மொதத் தடவையா வருது மிஸ். ஒவ்வொரு வருசமும் பருத்தி எடுப்பு, களை எடுப்புன்னு சொல்லி வராது. இந்தத் தடவ வாரேன்னு சொல்லிருச்சு. நடுவுல நிப்பேன், நடுவுலயே பாருன்னு போன்ல சொல்லிருக்கேன். ஓரத்துல நின்னா அதுக்குத் தெரியாது."

"அதெல்லாம் மாத்த மாட்டாங்க. கையத் தூக்கு" என்று சொல்லிவிட்டு அக்குளுக்கு டேப்பைப் பிடித்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் டிரெஸ்ஸோடு ஒத்திகை. தாளாளர் அம்மாள் மேடைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு தொடங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கையைத் தட்டி நிறுத்தினார்.

"நடுவுல நிக்கிற பொண்ணுக்கு என்ன, கைல மாவுக்கட்டுப் போட்ட மாதிரி இருக்கு?"

பொய் இல்லை. ஸ்கின் துணி மணிக்கட்டில் முடிகிற இடத்தில் கோடு கிழித்தாற்போல அவளுடைய சொந்தக் கை தொடங்கியது. கழுத்திலும் அப்படியே.

"அவளப் பின்னால போடுங்க மாஸ்டர். அந்தச் சிகப்புப் பொண்ணு நடுவுல வரட்டும்."

"மேடம், மத்ததுக பூராம் இதப் பாத்துத்தான் ஆடுதுக. இது இல்லேன்னா ஐட்டமே இல்ல" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார். அவருக்கும் வேலை முக்கியம்.

"எனக்குப் பாக்க நல்லா இருக்கணும்."

இதெல்லாம் மேடையில் நின்றவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் தாளாளரைப் பார்க்கவில்லை, மாஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மாத்த மாட்டாங்க என்று சொன்னவள் நான்தானே.

பத்து வருஷத்தில் முதல் முறையாக ஒரு பிள்ளைக்காக நான் வாயைத் திறந்தேன். துணியை மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளையின் கையைப் பிரித்துத் தைக்க எனக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. காப்பிப்பொடி கலர் கடையில் கிடந்தது. அது என் புத்தியில் ஏறவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம். ஸ்கின் கலர் என்றால் அந்த ரோஸ்தான் என்று பத்து வருஷத்தில் நானும் நம்பிவிட்டிருந்தேன். துணி சரி, பிள்ளைதான் தப்பு.

"மேக்கப்ல சரி பண்ணிடலாம் மேடம்" என்றேன்.

தாளாளர் அம்மாள் யோசித்தார். "பண்ணுங்க" என்றார். மாஸ்டர் என்னை நன்றியோடு பார்த்தார். பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் வயிறாரச் சாப்பிட்டேன். அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் ஐந்தாம் வகுப்பு அறையில் மேக்கப். மேக்கப் போட வந்தவரிடம், வெட்டியது போக மிஞ்சிய ஸ்கின் துணியில் ஒரு துண்டைக் கொடுத்தேன்.

"இந்தக் கலருக்கு வரணும்ணே."

சேலைக்கு மேட்ச்சாக பிளவுஸ் துணி எடுக்கிற மாதிரித்தான். அவர் துண்டை வாங்கி அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "மூணு கோட்டு போகும் டீச்சர்" என்றார். நனைத்த ஸ்பாஞ்சில் பேன்கேக் பூச்சைக் குழைத்து நெற்றியில் ஆரம்பித்தார். கன்னம், மூக்கு, காது, காதுக்குப் பின்னால், பிடரி, மணிக்கட்டு, புறங்கை, விரல் இடுக்கு. ஒரு கோட்டு காய்ந்ததும் அடுத்தது. நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், காதுக்குள்ள போகுது."

"ஆடாம நில்லு."

மற்ற ஏழு பேருக்கும் அதே பூச்சு, ஒரே ஒரு கோட்டு. எல்லார் தலையிலும் ஒரே மாதிரி கொண்டை, ஒரே வெள்ளை இறகு. வேலை முடிந்து வரிசையாக நிற்க வைத்தபோது நானே எது யார் என்று ஒரு நிமிஷம் திணறினேன். மேக்கப்காரரிடம், "ரொம்ப நல்லா வந்துருக்குண்ணே" என்றேன்.

வெயில் தாழ்ந்து கூட்டம் சேர ஆரம்பித்தது. அவள் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று குதித்தாள்.

"மிஸ், வந்துருச்சு! அந்தா, மஞ்சச் சேல!"

நாலாவது வரிசையில், மடியில் ஒரு துணிப்பையோடு, ஒல்லியான ஒரு பெண். உசிலம்பட்டி, ஆரப்பாளையம் என்று பஸ் மாறி வந்த அலுப்பு முகத்தில் இருந்தது. பக்கத்தில் இருக்கிறவர்களிடம் மேடையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை கையை வெளியே நீட்டி ஆட்டப் போனாள். நான் பிடித்து இழுத்துவிட்டேன். ஜன்னல் கம்பியில் பட்டால் பூச்சு போய்விடும்.

பாலே நடந்தது. நான் மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் நின்றேன். முடிந்ததும் பலத்த கைதட்டல். தாளாளர் அம்மாள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிள்ளைகள் மூச்சு வாங்க இறங்கி வந்தார்கள். எட்டுப் பேரையும் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தி, கொக்கிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன். நடுவில் ஆடியவள் என் பக்கத்தில் நின்று கூட்டத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் சேலை கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தது. கண் கலங்கியிருந்தது, கோபத்திலா அழுகையிலா தெரியவில்லை. என் பக்கத்தில் நின்றவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"நீங்கதான டீச்சரு? எம் மகள ஏன் ஆட விடல?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மூணு மாசமாப் போன்ல இதே பேச்சு. நடுவுல நிக்கிறேன், நடுவுல நிக்கிறேன்னு. நடுவுல வேற யாரு புள்ளையோ நின்னுச்சு. சரி, மாத்திப்புட்டாங்க போலன்னு ஓரத்துல இருக்கிறதுகளப் பாத்தேன். பின்னால நிக்கிறதுகளப் பாத்தேன். எம் புள்ளையவே காணோம். நாங்க கறுப்பா இருக்கோம்னுதான ஏத்தல?"

"அம்மா" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். முந்தானையை எடுத்து அவள் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். கறுப்பாக ஒரு கோடு வந்தது.

"நாந்தாம்மா நடுவுல ஆடுனது. நீ பாக்கலையா?"

"பாத்தேன் தாயி" என்றார் உடனே. "பாக்காம என்ன, பாத்தேன்."

"அப்ப கடைசில நான் எத்தன சுத்து சுத்துனேன், சொல்லு."

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை அது. பிள்ளையும் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எண்ணுனீங்கள்ல மிஸ்?"

ஆட்டம் முடிகிற வரை நான் அவளுடைய மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேர்வையில் பூச்சு கரைந்து கோடு தெரிகிறதா என்று. அவள் சுற்றியதே எனக்கு நினைவில்லை.

"பத்து இருக்கும்டா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"பதினாறு மிஸ்" என்றாள்.